வழியில் வந்த கல்

சென்ற மாதம் ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதையாக வந்து முடிந்த என் நாவலைப் பற்றிய கடிதம். பாராட்டு ஒரு வரி. மீதி இரண்டு பக்கமும் ஒரு கேள்வியும் அதைச் சேர்ந்த சில குறிப்புகளும்.

என் கதாநாயகன் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பதினெட்டு அத்தியாயம் வரையில் அப்பா சொன்ன சொல்லைத் தட்டாதவன். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அவனுடைய சிநேகிதன் லாரியில் அடிபட்டு இறந்துபோகிறான். இருபதாம் அத்தியாயத்தில் கதாநாயகன் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்டுவிடுகிறான். அந்த லாரி வராமல் இருந்திருந்தால் அவன் என்ன செய்திருப்பான் என்று அந்த அம்மாள் கேட்டிருந்தார்.

பதில் எழுத உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை. எழுத்து ஓடாத நாட்களில் பழைய புத்தகம் எதையாவது எடுத்து வைத்துக்கொண்டு படிப்பது என் வழக்கம். அன்று கைக்கு அகப்பட்டது ஜூல்ஸ் வெர்ன் எழுதிய ‘சந்திரனைச் சுற்றி’. பள்ளிக்கூட நாளில் சோற்றை மறந்து படித்த புத்தகந்தான். இந்தத் தடவை நடுவில் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசிக்க வேண்டியதாயிற்று. என் லாரி அந்தப் புத்தகத்திலும் வந்தது. அங்கே அது ஆகாயத்தில் வந்தது.

வாசகர்களில் பலருக்குக் கதை தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் முடிந்துவிட்டது. பால்டிமோர் நகரத்தில் பீரங்கிப் பித்துப் பிடித்தவர்களின் சங்கம் ஒன்று. யுத்தம் நின்றதும் அவர்களுக்குப் பொழுது போகவில்லை. சுடுவதற்குப் பூமியில் ஒன்றும் இல்லாமற்போனால் சந்திரனையாவது சுடலாமே என்று தீர்மானிக்கிறார்கள். புளோரிடாவில் 900 அடி ஆழத்துக்குத் தரைக்குள்ளேயே ஒரு பீரங்கியை வார்க்கிறார்கள். அலுமினியக் குண்டு ஒன்று செய்து, உள்ளே மெத்தை தைத்து, மூன்று பேர் ஏறிக்கொள்கிறார்கள். சங்கத் தலைவர் பார்பிகேன். அவருடைய பரம விரோதி காப்டன் நிக்கோல். இவர்கள் இருவரையும் சமாதானம் செய்துவைத்த பிரெஞ்சுக்காரன் மிஷேல் ஆர்தான். கூடவே இரண்டு நாய்களும் சில கோழிகளும். பீரங்கி வெடிக்கிறது. 1865இல் வந்த ‘பூமியிலிருந்து சந்திரனுக்கு’ என்ற முதல் புத்தகம் அத்துடன் முடிகிறது.

எப்படி முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குண்டு சந்திரனில் போய் விழவில்லை, பக்கமாக விலகிப் போய்ச் சந்திரனைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது என்று, தொலைநோக்கியில் பார்த்தவர்களிடமிருந்து செய்தி வருகிறது. மூன்று மனிதர்களையும் அந்தரத்தில் சுற்றவிட்டுவிட்டு ஆசிரியர் திரையைப் போட்டுவிட்டார். அடுத்த புத்தகம் 1870இல்தான் வெளிவந்தது. இந்தக் காலத்துத் தொடர்கதை வாசகர்கள் ஒரு வாரம் பொறுக்க மாட்டேன் என்கிறார்கள்!

தொடர்கதை எழுதுகிறவனுக்கு வெர்னின் அன்றைய நிலைமை நன்றாகப் புரியும். விலகிப் போயிற்று என்று எழுதியாகிவிட்டது, அச்சும் ஏறிவிட்டது. ஏன் விலகிற்று? அதை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவர் கண்டுபிடித்த காரணம் ஒரு கல். குண்டு கிளம்பிச் சிறிது நேரத்துக்கெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பெரிய வட்டம் ஒன்று விரைந்து வருவது தெரிகிறது. மோதிவிடப்போகிறது என்று மூவரும் நடுங்குகிறார்கள். மோதவில்லை, பக்கத்தில் வந்து கடந்து போய்விடுகிறது. அது பூமியைச் சுற்றும் இரண்டாவது சந்திரன் என்று பார்பிகேன் விளக்குகிறார். இது வெர்னின் சொந்தக் கற்பனை அல்ல. துலூஸ் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்த பெதி என்பவர், அப்படி ஒரு குட்டிச் சந்திரன் இருப்பதாக 1846இல் உண்மையாகவே சொல்லியிருந்தார். அப்படி ஒன்று இல்லை என்பது பிற்பாடு தெளிவாயிற்று. இருந்தாலும் நாவலாசிரியருக்கு அது சமயத்துக்கு உதவிற்று. குறி தப்பிவிட்டது என்று தெரிந்த பிறகு, அந்தக் கல்லின் ஈர்ப்புத்தான் தங்களை வழி திருப்பிவிட்டது என்று பார்பிகேன் சொல்கிறார். கல்லைச் சபிக்கிறார்கள். அதோடு விஷயம் தீர்ந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நடக்கக்கூடிய காரியம் அல்ல. கல்லின் அகலம் ஒரு கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். உரசினாற்போலவே போகட்டும். அவ்வளவு வேகத்தில் கடந்து போகும் கல், குண்டின் வேகத்தில் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறுதலைக்கூட உண்டாக்காது. சந்திரனின் குறுக்களவோ 3,474 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய இலக்கைத் தவறவிட இது போதாது.

ஆனால் கணக்குத் தப்பு என்பதற்காக ஒரு நாவலை நான் குறை சொல்லமாட்டேன். அனுமார் கடலைத் தாண்டியதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் யார்? என் குறை வேறு. இன்னொரு காரணம், இதைவிட நல்ல காரணம், அந்தப் புத்தகத்திலேயே கிடக்கிறது. ஆசிரியர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிட்டார்.

புத்தகத்தின் ஆரம்பப் பகுதியில் ஓர் அத்தியாயம் முழுவதும் அல்ஜீப்ரா. பார்பிகேன் உட்கார்ந்து, பீரங்கியிலிருந்து குண்டு எந்த வேகத்தில் கிளம்பியிருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார். கேம்பிரிட்ஜ் வானாராய்ச்சி நிலையத்தார், அதாவது அமெரிக்காவிலுள்ள கேம்பிரிட்ஜ், கொடுத்த எண்ணை நம்பித்தான் பீரங்கிக்கு மருந்து கெட்டித்தார்கள். கணக்கின் முடிவில், அந்த எண் போதவே போதாது என்று தெரிய வருகிறது. காற்றின் தடையை அவர்கள் சரியாகச் சேர்க்கவில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஆள் மரியாதை செய்துகொண்டிருந்த பெரிய மனிதர்கள், தங்கள் உயிரைக் கொண்டுபோய் வைத்த இடம் யாரோ ஒருவர் போட்ட தப்புக் கணக்கின் மேல் என்று உணர்கிறார்கள். இந்தப் பக்கங்களில் கதை உயிரோடு இருக்கிறது. பார்பிகேன் கர்வம் உள்ளவர். நிக்கோல் அவரைத் தோற்கடிப்பதற்கென்றே வாழ்ந்தவர். இந்தத் தப்பு அந்த இருவர் நடுவிலும் போய் உட்கார்ந்திருந்தால் என்னவெல்லாம் நடந்திருக்கும்!

ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பூமியின் வட்டத்தை அளந்து பார்க்கிறார்கள். விழ வேண்டிய இடத்தைத் தாண்டி எப்போதோ வந்துவிட்டோம், எப்படியோ வேகம் கிடைத்திருக்கிறது என்று தெரிகிறது. சந்தோஷமாகச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார்கள். தப்புச் செய்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். வழியோடு போன கல் பழியைச் சுமந்தது.

வெர்ன் திறமை இல்லாதவர் அல்ல என்பதற்கு அந்தப் புத்தகத்திலேயே சாட்சி இருக்கிறது. புறப்படும்போது மண்டையில் அடிபட்ட நாய் ஒன்று செத்துப்போகிறது. அதை ஜன்னலைத் திறந்து வெளியே தள்ளிவிடுகிறார்கள். சில நேரம் கழித்துப் பார்த்தால், நாயின் உடல் ஜன்னலுக்கு வெளியே கூடவே வந்துகொண்டிருக்கிறது. விழுவதற்குக் கீழ் என்று ஓர் இடம் இல்லை. குண்டு எந்தப் பாதையில் போகிறதோ, நாயும் அதே பாதையில்தான் போக வேண்டும். இத்தனை பயங்கரமான, இத்தனை உண்மையான காட்சியை நம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? (அந்த நியாயப்படி உள்ளே இருக்கும் மனிதர்களும் பிரயாணம் முழுவதும் எடையில்லாமல் மிதந்திருக்க வேண்டும். பூமியின் இழுப்பும் சந்திரனின் இழுப்பும் சமமாகும் ஓர் இடத்தில் மட்டும் அவர்களை மிதக்கவிட்டிருக்கிறார். நாய் விஷயத்தில் தெரிந்தது மனிதர் விஷயத்தில் தெரியவில்லை.)

கல் இன்னொரு தடவையும் வருகிறது. குண்டு சந்திரனின் மறுபக்கத்துக்குப் போய்ச் சேரும்போது அங்கே இரவு. பூமியிலிருந்து எவரும் பார்த்திராத முகம். அதைப் பார்ப்பதற்கென்று உயிரைப் பணயம் வைத்து வந்தவர்களுக்கு ஒரே கன்னங்கறுப்பு. உடனே ஒரு கொள்ளிக்கல் எரிந்துகொண்டு வந்து வெடிக்கிறது. அந்த வெளிச்சத்தில் சில விநாடிகள் மறுபக்கம் தெரிகிறது: மேகம்போல, கடல்போல, காடுபோல ஏதோ. மறுபடி இருட்டு. வழி மாற ஒரு கல், மறைந்ததைக் காட்ட ஒரு கல். பிறகு, சந்திரனில் விழுவதற்காக அவர்கள் பற்றவைத்த ராக்கெட்டுகள் பலிக்காமல் குண்டு பூமிக்கே திரும்பி, பசிபிக் சமுத்திரத்தில் விழுகிறது. தேடி வந்தவர்கள் மிதக்கும் குண்டை எட்டிப் பார்த்தால், மூவரும் டோமினோ ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

சின்ன வயசில் இந்த டோமினோவைப் படித்துக் கை தட்டினேன். இப்போது எனக்கு மனசு கொஞ்சம் சுருங்கிற்று. இவ்வளவு பெரிய பாதை மாறுதல் ஏற்பட்டதே, அதனால் நமக்கு எதைப் பற்றித் தெரிய வந்தது? கல்லைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. சந்திரனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. டோமினோ ஆடும் மூன்று பேரும் புறப்பட்டபோது இருந்த மூன்று பேர்தான். ஆசிரியருக்கு அவர்கள் திரும்பி வந்தாக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

எனக்கு எதிராக நானே வாதாடிப் பார்த்தேன். ஏன், இயற்கையில் வெளியிலிருந்து ஒன்று வந்து வழி மாற்றுவதில்லையா? உண்டு. நெப்டியூன் அப்படி அகப்பட்டதுதான். 1781இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த யுரேனஸ் கிரகம், வானசாஸ்திரிகள் போட்ட அட்டவணைப்படி நடக்க மறுத்தது. 1840களில் அது இருக்க வேண்டிய இடத்துக்கும் இருந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம், பூரண சந்திரனின் அகலத்தில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். பாரிஸில் லெ வெரியே என்ற கணித மேதை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் அதை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு, அது எங்கே இருக்க வேண்டும் என்று காகிதத்தில் கணக்கிட்டார். பெர்லினிலிருந்த காலே என்பவருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் 1846ஆம் வருஷம் செப்டம்பர் 23ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. அன்று இரவே, அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் அகப்பட்டது. (இங்கிலாந்தில் ஆடம்ஸ் என்பவரும் தனியாக அதே கணக்கைப் போட்டிருந்தார். உரிமை யாருக்கு என்று இரண்டு தேசங்களும் போட்ட சண்டை நமக்கு வேண்டாம்.)

எல்லாப் புத்தகத்திலும் இந்தக் கதை இருக்கிறது. இதே லெ வெரியேயின் அடுத்த கதையைப் பாதிப் புத்தகங்கள் விட்டுவிடுகின்றன. எனக்கு வேண்டியது அந்தக் கதை.

சூரியனுக்கு மிக அருகிலுள்ள புதனின் பாதை நீள்வட்டம். அந்த நீள்வட்டமே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. மற்றக் கிரகங்களின் இழுப்பையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகும், நூறு வருஷத்துக்கு 38 விகலை மிச்சம் நிற்கிறது என்று 1859இல் லெ வெரியே காட்டினார். பின்னால் வந்தவர்கள் அதை 43 என்று திருத்தினார்கள். ஒரு பாகைக்கு 3,600 விகலை. இந்த மிச்சத்தால் மட்டும் புதனின் பாதை ஒரு பாகை திரும்ப வேண்டுமானால் எண்ணாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். அதை ஒதுக்கித் தள்ளாமல், ‘இது என்ன?’ என்று கேட்டாரே, அந்த மனிதரின் நேர்மைக்கு நமஸ்காரம்.

ஆனால் கேள்விக்கு அவர் எழுதிய பதில், பழைய பதில். யுரேனஸுக்கு வெளியே ஒரு கிரகம் இருந்ததுபோல, புதனுக்கு உள்ளே ஒரு கிரகம் இருக்க வேண்டும். ஓர்ஜேர் என்ற சிற்றூரில் லெஸ்கார்போ என்ற டாக்டர், சூரியனின் முகத்தில் ஒரு கறுப்புப் புள்ளி நகர்ந்து போனதைப் பார்த்ததாக எழுதியிருந்தார். லெ வெரியே நேரே போய் அவரைக் குறுக்கு விசாரணை செய்தார், திருப்திப்பட்டார். 1860இல் அந்தக் கிரகத்துக்கு வல்கன் என்று பெயரும் ஆகிவிட்டது. கிராமத்து டாக்டருக்கு அரசாங்க விருது கிடைத்தது. பிறகு ஒவ்வொரு சூரிய கிரகணத்தின்போதும் வல்கனைத் தேடினார்கள். வெர்ன் தம் கல்லை எழுதிய அதே வருஷங்களில், உலகத்தின் தலைசிறந்த வானசாஸ்திரி ஒருவரும் ஒரு கல்லைத் தேடிக்கொண்டிருந்தார். வல்கன் இருக்கிறது என்ற நம்பிக்கையோடே அவர் 1877இல் காலமானார். நெப்டியூன் அகப்பட்ட அதே செப்டம்பர் 23ஆம் தேதி.

வல்கன் இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தம்முடைய புதிய ஈர்ப்புத் தத்துவத்தின்படி புதனின் பாதையைக் கணக்கிட்டார். வேறு எந்தக் கிரகத்தையும் சேர்க்காமலே, மிச்சம் நின்ற அந்த 43 விகலையும் தானாக வந்து நின்றது. புதன் யாராலும் வழி மாற்றப்படவில்லை. எந்த விதியைக் கொண்டு புதனை அளந்தார்களோ, அந்த விதியே சூரியனுக்கு அவ்வளவு அருகில் போதாமல் இருந்தது. புதன் நூறு வருஷத்துக்கு 43 விகலை வீதம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

லெ வெரியே முதல் தடவை வெளியில் தேடினார், கிடைத்தது. இரண்டாவது தடவை வெளியில் தேடினார், கிடைக்கவில்லை. பாதை மாறுகிறது என்பதுதான் இரண்டு தடவையும் அவருக்குக் கிடைத்த செய்தி. ஏன் என்பதை அவரேதான் எழுத வேண்டியிருந்தது. நாவலாசிரியனும் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் வானசாஸ்திரி இல்லாத கிரகத்தை எழுதினால் வானம் அவனை மறுத்துவிடும். நான் இல்லாத லாரியை எழுதினால் யார் மறுப்பது?

இனி வெர்னின் சந்திரனுக்கே வருகிறேன். அவருடைய குண்டு போன வழியில் நிஜ இயந்திரங்கள் போயின அல்லவா? மனிதரை இறக்குவதற்கு இடம் பார்ப்பதற்காக 1966, 1967ஆம் வருஷங்களில் அமெரிக்கர்கள் ஐந்து கலங்களை அனுப்பிச் சந்திரனைச் சுற்றவிட்டுப் படம் எடுத்தார்கள். அவற்றிலிருந்து வந்த ரேடியோ ஒலியைக் கொண்டு அவற்றின் வேகத்தை அளக்க முடியும். ரயில் ஊதிக்கொண்டு வரும்போது ஒரு சுருதியும், நம்மைத் தாண்டிப் போகும்போது ஒரு சுருதியும் கேட்கிறதே, அதே தத்துவம். சந்திரன் ஒரே சீரான உருண்டையாக இருந்தால் கலமும் சீராகச் சுற்ற வேண்டும். சீராகச் சுற்றவில்லை. சில இடங்களை நெருங்கும்போது வேகம் சற்றுக் கூடிற்று. தாண்டிய பிறகு சற்றுக் குறைந்தது.

அந்தப் பாதைகளை ஆராய்ந்த முல்லர், ஷோக்ரென் என்ற இருவரும் 1968இல் அதன் காரணத்தை வெளியிட்டார்கள். அவர்கள் எந்தப் புதுக் கல்லையும் ஆகாயத்தில் தேடவில்லை. கலம் எங்கே தடுமாறிற்று என்பதைச் சந்திரனின் படத்தின் மேல் குறித்தார்கள். குறிகள் எல்லாம் வட்டமான கறுப்புச் சமவெளிகளின் மேல் போய் விழுந்தன. பாட்டி வடை சுடுகிறாள் என்றும் முயல் குந்தியிருக்கிறது என்றும் நாம் குழந்தைகளுக்குக் காட்டும் கறுப்பு இருக்கிறதே, அதில் சேர்ந்த இடங்கள். பள்ளமான இடங்கள் அவை. பள்ளத்தில் பொருள் குறைவாக அல்லவா இருக்க வேண்டும்? அங்கேதான் பாரம் அதிகமாக இருந்தது. முந்நூற்றெண்பது, முந்நூற்றுத்தொண்ணூறு கோடி வருஷங்களுக்கு முன் பெரும் பாறைகள் வந்து மோதிக் குழி பறித்திருக்கின்றன. அடியிலிருந்து கனமான பாறைக் குழம்பு மேலெழும்பி வந்து உறைந்தது. பிற்பாடு எரிமலைக் குழம்பும் வந்து குழியை நிரப்பிற்று. காயம் மூடிவிட்டது, மேலே பார்த்தால் சமவெளி. பாரம் மட்டும் அடியில் அப்படியே இருக்கிறது.

இந்தப் பாரம் எவ்வளவு பொல்லாதது என்பது 1972இல் தெரிந்தது. அப்பல்லோ 16இன் பிரயாணிகள், பூமிக்குத் திரும்புவதற்கு முன், ஒரு சின்னஞ்சிறு துணைக்கோளைச் சந்திரனைச் சுற்றும்படி விட்டுவிட்டு வந்தார்கள். ஏப்ரல் 24ஆம் தேதி. தரையிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உயரத்தில் அது சுற்றிற்று. சந்திரனில் காற்று இல்லை. தடுப்பதற்கு ஒன்றும் இல்லை. முன் வருஷம் அப்பல்லோ 15 விட்டுவிட்டு வந்த அதே மாதிரித் துணைக்கோள் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இதுவும் வெகுகாலம் சுற்றும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். இது இரண்டரை வாரத்துக்குள் தரைக்குப் பத்துக் கிலோமீட்டர் வரை இறங்கி வந்துவிட்டது. பிறகு, மனம் மாறினாற்போல, உயர ஏறிற்று. மறுபடி இறங்கிற்று. மே 29ஆம் தேதி, முப்பத்தைந்தாம் நாள், தரையில் மோதி அழிந்தது. மோதவும் இழுக்கவும் வழியில் எந்தக் கல்லும் வரவில்லை. அந்தப் பாரங்களின் மேலாகத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கோணலாகிக்கொண்டே வந்தது. அவ்வளவுதான் அதன் சரித்திரம். முன்னதன் பாதை வேறு சாய்வில் இருந்ததால் பிழைத்தது.

இதைப் படித்துவிட்டு அந்தத் துணைக்கோளை நினைத்து நான் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முப்பத்தைந்து நாள் கதை. சம்பவம் என்று ஒன்றுமே இல்லை. ஆனால் கடைசி நாள் ஏன் வந்தது என்பதற்கு முதல் நாளிலிருந்தே காரணம் இருக்கிறது.

வெர்ன் கொள்ளிக்கல்லை வெடிக்க வைத்துக் காட்டிய மறுபக்கமும் பிறகு தெளிவாகத் தெரிந்தது. அதன் முகத்தை 1959 அக்டோபரில் ருஷ்யர்களின் லூனா 3 முதன்முதலாகப் படம் பிடித்தது. கடலும் இல்லை, காடும் இல்லை, குழிகள்தான். ஆனால் அதன் அடியில் இருந்த பாரத்தை அளப்பது சுலபமாக இல்லை. கலம் மறுபக்கம் போகும்போதெல்லாம் சந்திரனே குறுக்கே நின்று ரேடியோவை மறைத்துவிடும். அளக்க வேண்டிய இடத்தில் கலம் பேசாமல் இருக்கும். 2012இல் அமெரிக்கர்கள் இதற்கு ஓர் அழகான உபாயம் செய்தார்கள். இரட்டைப் பிள்ளைகள்போல இரண்டு கலங்களை ஒன்றன் பின் ஒன்றாகச் சுற்றவிட்டார்கள். முன்னது பாரத்தின் மேல் வரும்போது சற்று முந்தும். பின்னது வரும்போது அது நெருங்கும். நடுவிலுள்ள தூரத்தின் மாறுதலை, தலைமயிரின் பருமனைவிடச் சிறிய அளவுக்கு, அவை இரண்டும் ஒன்றை ஒன்று அளந்துகொண்டே போயின. சராசரி 55 கிலோமீட்டர் உயரத்தில் பறந்து, பிறகு இன்னும் தாழ்ந்து பறந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்ற வித்தியாசம் இல்லாமல் சந்திரனின் உள்பாரம் முழுவதையும் படமாக்கிவிட்டன. வேலை முடிந்ததும், அந்த வருஷம் டிசம்பர் 17ஆம் தேதி, இரண்டையும் வட துருவத்துக்கு அருகில் ஒரு மலையில் மோதவிட்டார்கள். வெளிச்சம் போடாமலே இருட்டைப் பார்த்தாயிற்று. இரண்டு பேர் நடுவே இருக்கும் தூரம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று கவனித்தார்கள். அதிலேயே எல்லாம் இருந்தது. குடும்ப நாவல் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் வெட்கப்படுவார்கள். நான் வெட்கப்பட்டேன்.

இதையெல்லாம் வெர்ன் எப்படி அறிந்திருக்க முடியும் என்று கேட்கலாம். அறிந்திருக்க முடியாது, அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தப்புக் கணக்கும், இரண்டு கர்வக்காரர்களும் அவருடைய குண்டுக்குள்ளேயே இருந்தார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு. உள்ளே அத்தனை பாரத்தை வைத்துக்கொண்டு அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அந்த அம்மாளின் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். கேள்விக்குக் கீழே எழுதியிருந்த குறிப்புகளை முதலில் நான் சரியாகக் கவனிக்கவில்லை. கதாநாயகன் ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போகும்போது எப்போதும் கடைத்தெரு வழியாகப் போகிறான். ஆனால் நாலாவது, ஒன்பதாவது, பதினாலாவது அத்தியாயங்களில் மட்டும் தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறானே, ஏன் என்று எழுதியிருந்தார்.

ஏன் என்று எனக்குத் தெரியாது. தெப்பக்குளத்தை வர்ணிக்க ஆசைப்பட்டு எழுதியிருப்பேன். இதழ்களைத் தேடி எடுத்து அந்த மூன்று அத்தியாயங்களையும் படித்துப் பார்த்தேன். மூன்றுமே சம்பள நாள். மூன்றிலும் அவன் சம்பளக் கவரை அப்பாவிடம் கொடுக்கிறான். அப்பா, குடியிருப்பவர்கள் முன்னிலையில், விரலில் எச்சில் தொட்டு நோட்டுகளை எண்ணிவிட்டு, பஸ் செலவுக்கு என்று அவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறார். வாசகர்கள் சிரிக்கட்டும் என்று நான் எழுதிய காட்சி அது. பலர் சிரித்ததாகக் கடிதமும் எழுதினார்கள். இந்த அம்மாள் சிரிக்கவில்லை போலிருக்கிறது.

நாவல் புத்தகமாக வருகிறது. பதிப்பாளரிடம் ஒரு மாதம் தவணை கேட்டிருக்கிறேன். லாரியை எடுத்துவிட்டேன். அதனால் சிநேகிதன் பிழைத்துக்கொண்டான்; அவனை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அந்த அம்மாளுக்கு இன்னும் பதில் போடவில்லை. பத்தொன்பதாம் அத்தியாயம் முடிந்ததும் போடலாம் என்று இருக்கிறேன்.